டின் தகடு, கந்தகம், ரயில் டைம்டேபிள்: குளியலறை ஓரத்தில் ரேடியோ அலையை அளந்த ஜெகதீஷ் சந்திர போஸ் யார்?

மழை பிடிச்சதும் டிவியில் படம் கட்டம் கட்டமா உடைஞ்சு, கடைசியில் 'நோ சிக்னல்'னு வந்து நிக்கிறது நம்ம எல்லார் வீட்டுலயும் நடக்கிற விஷயம்தான். செஞ்சிக்கு வடக்கே சில கிலோமீட்டரில் இருக்கும் சிங்கவரத்திலும் அதே கதைதான். குன்றின் மேலே குடைவரையில் ரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கிறார். கீழே ஊருக்குள் மாடிக்கு மாடி டிஷ்.

அடுத்த முறை மாடிக்குப் போகும்போது அந்த டிஷ்ஷை ஒரு நிமிஷம் கவனிங்க. கிண்ணத்துக்கு முன்னால் ஒரு கம்பியில் சின்ன டப்பா நீட்டிக்கிட்டு இருக்கும். எல்.என்.பி.னு சொல்லுவாங்க. அதோட பிளாஸ்டிக் மூடிக்குள்ளே இருப்பது ஒரு உலோகப் புனல். டிஷ் குவித்துக் கொடுக்கும் அலை அந்தப் புனல் வழியாகத்தான் உள்ளே போகிறது. அந்த அலையின் நீளம் கிட்டத்தட்ட 25 மில்லிமீட்டர்.

இதே அளவு அலையை, இதே மாதிரி ஒரு புனலை வைத்து, 1890-களிலேயே கொல்கத்தாவில் ஒருவர் பிடித்து அளந்துகொண்டிருந்தார். கடையில் வாங்க கருவி கிடையாது. எல்லாமே கையால் செய்தது. அவர்தான் ஜெகதீஷ் சந்திர போஸ். நேதாஜி இல்லைங்க. போசான் துகளுக்குப் பெயர் தந்த சத்யேந்திரநாத் போஸும் இல்லை. இவர் வேற.

யார் இந்த ஜெ.சி.போஸ்?

1858 நவம்பர் 30-ல், இன்று வங்கதேசத்தில் இருக்கும் மைமன்சிங்கில் பிறந்தார். அப்பா பகவான் சந்திர போஸ் அரசு அதிகாரி. அந்தக் காலத்தில் அதிகாரி வீட்டுப் பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளிக்குத்தான் போவார்கள். ஆனால் அப்பா மகனை வங்காள மொழிப் பள்ளியில் சேர்த்தார். பக்கத்தில் மீனவர் மகனும், அப்பாவின் அலுவலகச் சேவகர் மகனும் உட்கார்ந்திருந்தார்கள். தாய்மொழி தெரிந்த பிறகுதான் ஆங்கிலம் என்பது அப்பாவின் கொள்கை.

பிறகு கொல்கத்தாவில் செயின்ட் சேவியர் பள்ளி, கல்லூரி. அங்கே லாஃபோன் என்ற பாதிரியார் செய்முறையோடு இயற்பியல் நடத்துவார். அந்த வகுப்புதான் போஸை அறிவியல் பக்கம் இழுத்தது. 1880-ல் மருத்துவம் படிக்க லண்டன் போனார். உடம்பு ஒத்துழைக்கவில்லை. விடாத காய்ச்சல், பிணவறை நாற்றம் வேறு. மருத்துவத்தை விட்டுவிட்டு கேம்பிரிட்ஜில் இயற்கை அறிவியல் படித்தார். அங்கே அவருக்குப் பாடம் எடுத்தவர்களில் ஒருவர், பின்னாளில் நோபல் பரிசு வாங்கிய ரேலி பிரபு.

சம்பளமே வாங்காத பேராசிரியர்

1885-ல் கொல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் பேராசிரியர் வேலை கிடைத்தது. வேலையோடு ஒரு அவமானமும் வந்தது. ஐரோப்பியப் பேராசிரியருக்கு என்ன சம்பளமோ, அதில் மூன்றில் இரண்டு பங்குதான் இந்தியருக்கு. போஸின் நியமனம் தற்காலிகம் என்பதால் அதிலும் பாதி. அதாவது, அதே வேலைக்கு மூன்றில் ஒரு பங்கு சம்பளம்.

அவர் சண்டை போடவில்லை, ராஜினாமாவும் செய்யவில்லை. சம்பளத்தை மட்டும் தொடவில்லை. மூன்று வருஷம் ஒரு வகுப்பையும் விடாமல் இலவசமாகப் பாடம் நடத்தினார். வீட்டில் அப்பா தொழில் முயற்சிகளில் பட்ட கடன் வேறு கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. கடைசியில் நிர்வாகம் இறங்கி வந்தது. முழுச் சம்பளம், அதுவும் முன்தேதியிட்டு. மொத்தமாக வந்த பணம் அப்பாவின் கடனுக்குப் போனது.

நடுவில் ஒரு மெட்ராஸ் கனெக்‌ஷன்

1887-ல் போஸ் கல்யாணம் செய்துகொண்ட அபலா தாஸ், மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கொல்கத்தா மருத்துவக் கல்லூரியில் அப்போது பெண்களுக்கு இடம் இல்லை. அதனால் 1882-ல் வங்காள அரசின் உதவித்தொகையோடு மெட்ராஸ் வந்தார். உடல்நலம் கெட்டதால் படிப்பை முடிக்க முடியவில்லை. பின்னாளில் 1919-ல் நாரி சிக்‌ஷா சமிதி என்ற அமைப்பைத் தொடங்கி, பெண்களுக்குப் பள்ளிகள் நடத்தியவர் இதே அபலா போஸ்தான். சம்பளம் வராத நாட்களில் குடும்பம் நடத்தியதில் அவருக்கும் பங்கு உண்டு.

சரி, கருவியை ஏன் அவரே செய்யணும்?

ரேடியோ அலை இருக்கிறது என்று கணக்குப் போட்டுச் சொன்னவர் மேக்ஸ்வெல். 1880-களின் கடைசியில் அதை ஜெர்மனியில் செய்து காட்டியவர் ஹெர்ட்ஸ். அவர் 1894 ஜனவரி 1-ல் சின்ன வயதிலேயே இறந்துபோனார். அவருடைய வேலையைப் பற்றி ஆலிவர் லாட்ஜ் எழுதியதை போஸ் படித்தார். அந்த வருஷம் நவம்பர் 30, அவருக்கு 36-வது பிறந்தநாள். இனிமேல் ஆராய்ச்சிதான் என்று அன்றைக்கு முடிவெடுத்தார்.

ஹெர்ட்ஸின் அலைகள் பெரியவை. சின்னதே 60 சென்டிமீட்டருக்கு மேல். அலை பெரிதானால் அதைச் சோதிக்கும் கண்ணாடி, லென்ஸ், பட்டகம் எல்லாமே பெரிதாக வேண்டும். பெரிய அரங்கம் வேண்டும். போஸிடம் இருந்தது குளியலறையை ஒட்டிய ஒரு சின்ன மூலை. சுமார் 24 சதுர அடி. நம்ம வீட்டு பாத்ரூம் அளவுதான்.

அறையைப் பெரிதாக்க வழி இல்லை. அலையைச் சின்னதாக்கினார். 25 மில்லிமீட்டரிலிருந்து 5 மில்லிமீட்டர் வரை கொண்டுவந்தார். 5 மில்லிமீட்டர் என்றால் இன்றைய கணக்கில் 60 கிகாஹெர்ட்ஸ். அலை சுருங்கினதும் ஆய்வகம் முழுவதும் ஒரு மேசை மேல் அடங்கிவிட்டது.

ஆனால் இந்த அளவு அலையை உண்டாக்கவோ, பிடிக்கவோ, அளக்கவோ உலகத்தில் யாரும் கருவி விற்கவில்லை. வாரத்துக்கு 26 மணி நேரம் வகுப்பு. ஆராய்ச்சிக்குத் தனியாகப் பணம் கிடையாது. ஒரு தகரக் கொல்லரைக் கூட வைத்துக்கொண்டு, சொந்தக் காசில் ஒவ்வொன்றாகச் செய்ய ஆரம்பித்தார். அந்தக் கொல்லருக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்கிறார்கள். ஆனால் போஸ் சொன்ன அளவுக்குத் தகட்டை மடிக்கத் தெரியும்.

என்னென்ன செய்தார்?

அலை உண்டாக்கும் கருவி: சின்ன பிளாட்டினம் குண்டுகள், அவற்றுக்கு நடுவே மின்பொறி. குண்டு சிறியது என்பதால் அலையும் சிறியது.

அலைக்குழல்: அலையை ஒழுங்காகக் கொண்டுபோக உலோகக் குழாய். இன்று 'வேவ்கைடு' என்று பல ரேடார்களில் இருப்பது இதன் வாரிசுதான்.

உணர்கருவி: ஐரோப்பாவில் கண்ணாடிக் குழாயில் இரும்புத்தூள் போட்டு அலையைக் கண்டுபிடித்தார்கள். தூள் ஒரு நேரம் போல் இன்னொரு நேரம் வேலை செய்யாது. கொல்கத்தா ஈரக் காற்றில் துரு வேறு. போஸ் தூளைத் தூக்கிப் போட்டுவிட்டு, சின்னச் சின்ன எஃகுச் சுருள்வில்களை வரிசையாக அடுக்கினார். அழுத்தத்தைத் திருகு வைத்துக் கூட்டிக் குறைக்கலாம். அலை பட்டால் சுருள்களின் மின்தடை குறையும், கால்வனோமீட்டர் அசையும்.

பட்டகமும் லென்ஸும்: கண்ணாடிக்குப் பதில் கந்தகத்தை உருக்கி வார்த்தார். கந்தகம் போன்ற பொருட்களுக்குள் இந்த அலை எவ்வளவு வளைகிறது என்பதை அளந்தார்.

அலையைக் குறைக்கும் கருவி: இரண்டு பட்டகங்களை எதிரெதிரே வைத்து, நடுவே காற்று இடைவெளி. இடைவெளியைக் கூட்டினால் அந்தப் பக்கம் போகும் அலை குறையும்.

முனைவாக்கி: இதுதான் சுவாரஸ்யம். தடிமனான பிராட்ஷா ரயில்வே டைம்டேபிள் புத்தகம் ஒன்றை எடுத்து, பக்கங்களுக்கு நடுவே தகரத்தாள்களைச் செருகினார். அலையின் அசைவு தாள்களோடு ஒரே போக்கில் இருந்தால் நின்றுவிடும், குறுக்காக இருந்தால் கடந்துவிடும். புத்தகத்தைத் திருப்பத் திருப்ப கால்வனோமீட்டர் ஏறி இறங்கும். அப்புறம் சணல் நாரை முறுக்கிக் கட்டுகளாக வைத்து, அலையின் அசைவுத் திசையையே திருப்பிக் காட்டினார்.

பட்டியலைப் பாருங்க. தகரம், கந்தகம், சணல், ரயில் டைம்டேபிள். எல்லாமே கொல்கத்தா கடைத்தெருவில் கிடைத்த பொருள். அளவு மட்டும் மில்லிமீட்டர் சுத்தம்.

புனலுக்கு என்ன வேலை?

எல்.என்.பி.க்குள் இருக்கும் அந்தப் புனலுக்கு வருவோம். இதைப் புரிந்துகொள்ள இம்பீடன்ஸ் என்ற சொல் வேண்டும். தமிழ்ப் பாடநூலில் மின்மறுப்பு. இந்த ஆங்கிலச் சொல்லை உருவாக்கியவர் ஆலிவர் ஹெவிசைட், 1886-ல்.

தேர் வடத்தோடு ஒரு மெல்லிய கயிற்றை முடிச்சுப் போட்டுக் கட்டுங்க. மெல்லிய கயிற்றின் முனையைப் பிடித்து ஒரு உதறு உதறினால் அலை ஓடும். முடிச்சு வரை போகும். அங்கே பெரும்பகுதி திரும்பி உங்க கைக்கே வந்துவிடும். வடத்துக்குள் கொஞ்சம்தான் போகும். இரண்டும் கயிறுதான், ஆனால் அலைக்கு அவை காட்டும் மறுப்பு வேற வேற. அதே கயிறு மெல்லியதிலிருந்து படிப்படியாகத் தடித்துக்கொண்டே போனால்? திரும்பி வருவது ரொம்பவே குறையும்.

ஆன்டெனாவுக்கும் இதே கதைதான். வெட்ட வெளிக்கே சுமார் 377 ஓம் மறுப்பு உண்டு. குழாய்க்கு வேறு மறுப்பு. குழாயின் வாய் சட்டென்று வெளியில் முடிந்தால் அலையில் ஒரு பகுதி திரும்பிவிடும். வாயைப் புனல் மாதிரி விரித்தால், அலைக்கு அது படிப்படியாகத் தடிக்கும் கயிறு. போஸ் இந்தக் கணக்கைப் போட்டுத்தான் புனல் செய்தார் என்று சொல்ல முடியாது. அவர் அதை அலையைச் சேகரிக்கும் புனலாகத்தான் வைத்தார். முழுக் கணக்கும் பின்னால் வந்தது. ஆனால் புனல் முதலில் வந்துவிட்டது. 'ஹார்ன் ஆன்டெனா' என்று பொறியியல் கல்லூரிகளில் சொல்லித்தரும் வடிவத்தின் முன்னோடி அதுதான்.

சுவரைத் தாண்டி அடித்த மணி

1895-ல் கொல்கத்தாவில் பொதுமக்கள் முன்னால் ஒரு செயல்விளக்கம் நடத்தினார். வங்காளத்தின் லெப்டினன்ட் கவர்னரும் இருந்தார். சுமார் 75 அடி தூரம், நடுவில் சுவர்கள், போதாக்குறைக்கு வழியில் கவர்னரின் உடம்பு. கம்பி எதுவும் இல்லாமல் அந்தப் பக்கம் மணி அடித்தது, வெடிமருந்து வெடித்தது.

அவருடைய கட்டுரையை ரேலி பிரபு லண்டன் ராயல் சொசைட்டியில் சேர்த்தார். 1896-ல் லண்டன் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் தந்தது. 1897 ஜனவரி 29-ல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனின் புகழ்பெற்ற வெள்ளிக்கிழமை மாலைச் சொற்பொழிவை நடத்தினார். குளியலறை ஓரத்தில் செய்த கருவியையே மேசையில் வைத்து விளக்கினார்.

அப்போ ரேடியோ கண்டுபிடிச்சது மார்கோனியா, போஸா?

சமூக வலைதளங்களில் அடிக்கடி சுத்தும் கேள்வி. நேராகச் சொன்னால், இரண்டு பேரும் செய்தது வேற வேற வேலை.

மார்கோனிக்குத் தூரத்துக்குச் செய்தி அனுப்பணும். அதற்கு நீளமான அலைதான் சரி. சிங்கவரம் குன்றையே எடுத்துக்கலாம். நூற்றுக்கணக்கான மீட்டர் நீளமுள்ள அலை குன்றைச் சுற்றி வளைந்து மறுபக்கம் போய்விடும். 25 மில்லிமீட்டர் அலைக்குக் குன்று என்பது சுவர். ஒளி மாதிரி நேர்க்கோட்டில் போய் முட்டி நிற்கும், மறுபக்கம் நிழல்தான். செய்தி அனுப்ப இது பயன்படாது. ஆனால் ஒளி மாதிரியே நடந்துகொள்வதால்தான் அதை மேசையில் வைத்து அளக்க முடிந்தது. போஸுக்குத் தேவைப்பட்டது அதுதான்.

ஆனால் ஒரு இடத்தில் இரண்டு பாதையும் சந்தித்தன. பாதரசத்தை வைத்து வேலை செய்யும், தட்டிவிடாமல் தானே பழைய நிலைக்குத் திரும்பும் உணர்கருவி ஒன்றைப் பற்றி 1899-ல் போஸ் ராயல் சொசைட்டியில் கட்டுரை வெளியிட்டார். 1901 டிசம்பர் 12-ல் அட்லாண்டிக் கடலைத் தாண்டி வந்த சிக்னலைக் கேட்க மார்கோனி பயன்படுத்தியதும் பாதரச உணர்கருவிதான். அதன் மூலம் போஸின் கட்டுரைதான் என்று 1998-ல் ஐ.இ.இ.இ. என்ற சர்வதேசப் பொறியாளர் அமைப்பின் இதழில் ஒரு ஆய்வுக் கட்டுரை வாதிட்டது. இதை எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. 1909-ல் நோபல் பரிசு மார்கோனிக்கும் பிரவுனுக்கும் போனது.

காப்புரிமை வேண்டாம் என்றவர்

1901-ல் லண்டனில், ஒரு தந்தி நிறுவனத்தின் கோடீஸ்வர முதலாளி காப்புரிமை விண்ணப்பத்தோடு போஸைத் தேடி வந்தார். லாபத்தில் பங்கு என்றார். போஸ் மறுத்தார். பண ஆசையில் ஒரு தடவை சிக்கினால் வெளியே வர முடியாது என்ற பயத்தை நண்பர் ரவீந்திரநாத் தாகூருக்குக் கடிதத்தில் எழுதினார். அறிவு பொதுச் சொத்து என்பது அவர் நம்பிக்கை.

கடைசியில் சகோதரி நிவேதிதாவும், அமெரிக்கத் தோழி சாரா புல்லும் விடாமல் வற்புறுத்தினார்கள். அமெரிக்காவில் ஒரே ஒரு விண்ணப்பம் போடப்பட்டது. 1904 மார்ச் 29-ல் காப்புரிமை கிடைத்தது. எண் 7,55,840. கலீனா என்ற ஈயத் தாதுப் படிகத்தில் உலோக முனையைத் தொடவைத்து அலையைக் கண்டறியும் கருவி அது. குறைகடத்திக் கருவிக்கு உலகில் கிடைத்த முதல் காப்புரிமைகளில் ஒன்று. போஸ் அதைப் பயன்படுத்தவே இல்லை, காலாவதியாக விட்டுவிட்டார்.

அவர் செய்தது சரியா என்று இன்றும் விவாதிக்கலாம். கல்லூரி சம்பளத்தில் சமரசம் செய்யாத மனிதர், காப்புரிமைப் பணத்தை வேண்டாம் என்றார். முரண்பாடு மாதிரி தெரியும். முதலாவது அவருக்கு உரிமை, இரண்டாவது வியாபாரம். ஆனால் அதற்கு ஒரு விலையும் இருந்தது. கருவி பரவியது, பெயர் பரவவில்லை.

செடிக்கும் மீட்டர் வைத்தார்

அதன் பிறகு அவர் கவனம் செடிகள் பக்கம் திரும்பியது. அங்கேயும் முதல் பிரச்சினை அதேதான்: அளக்கக் கருவி இல்லை. செடி வளர்வதை 10,000 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராஃப் கருவியை உள்ளூர் மெக்கானிக்குகளை வைத்தே செய்தார். செடிகளைப் பற்றி அவர் சொன்ன சில முடிவுகளை உடலியல் விஞ்ஞானிகள் பலர் ஏற்கவில்லை. வருஷக்கணக்கில் எதிர்ப்பு இருந்தது. 1917-ல் சர் பட்டம். அதே வருஷம் நவம்பர் 30, தன் பிறந்தநாளில் கொல்கத்தாவில் போஸ் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். 1920-ல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். 1937 நவம்பர் 23-ல், இன்றைய ஜார்க்கண்டில் இருக்கும் கிரிதியில் காலமானார். 79-வது பிறந்தநாளுக்கு ஒரு வாரம்தான் பாக்கி.

இன்னைக்கு அவர் எங்கே இருக்கார்?

ஹாம் ரேடியோ ஆர்வலர்கள் தங்கள் ஆன்டெனா சரியாகப் பொருந்துகிறதா என்று பார்க்க வீட்டிலேயே ஒரு பிரிட்ஜ் கருவி செய்வார்கள். ரொம்ப எளிமையானது. நான்கு கைகள் உள்ள ஒரு மின்சுற்று. மூன்று கைகளில் 50 ஓம் மின்தடைகள். கடையில் 50 ஓம் கிடைக்காவிட்டால் இரண்டு 100 ஓம் மின்தடைகளைப் பக்கவாட்டில் சேர்த்தால் போதும். நான்காவது கையில் ஆன்டெனா. நடுவே ஒரு டையோடும், பழைய டேப் ரெக்கார்டரிலிருந்து கழற்றிய முள் மீட்டரும். ஆன்டெனாவும் 50 ஓம் காட்டினால் முள் பூஜ்யத்துக்கு வரும். வெட்டவெளியில் கட்டிய அரை அலைநீளக் கம்பி ஆன்டெனா சுமார் 73 ஓம் காட்டும். அப்போது முள் கொஞ்சம் எழும்பும். அனுப்பும் சக்தியில் 3 முதல் 4 சதவீதம் திரும்புகிறது என்று அர்த்தம். (ரேடியோவில் ஒலிபரப்ப மத்திய தொலைத்தொடர்புத் துறையின் தேர்வு எழுதி உரிமம் வாங்கணும், மறந்துடாதீங்க.)

அந்தப் பிரிட்ஜில் உயர் அதிர்வெண் மின்சாரத்தை முள் அசைக்கும் மின்சாரமாக மாற்றுவது யார்? டையோடு. அதன் மூதாதைகளில் ஒன்று போஸின் கலீனா முனை. நோபல் பரிசு பெற்ற நெவில் மோட், குறைகடத்தி விஷயத்தில் போஸ் தன் காலத்துக்கு 60 வருஷமாவது முன்னால் இருந்தார் என்று மதிப்பிட்டார்.

அவர் செய்த இரட்டைப் பட்டக யோசனை, அமெரிக்காவின் கிட் பீக் மலையில் இருந்த 12 மீட்டர் ரேடியோ தொலைநோக்கியின் ரிசீவர் ஒன்றில் 1990-களில் பயன்பட்டது. இந்தியாவில் 2022-ல் 5ஜி-க்காக ஏலம் விட்ட 26 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் அலைநீளம் சுமார் 11.5 மில்லிமீட்டர். போஸ் மேசை மேல் வைத்து அளந்த எல்லைக்குள்தான் வருகிறது. 2012-ல் ஐ.இ.இ.இ. அமைப்பு அவருடைய மில்லிமீட்டர் அலை ஆய்வை மைல்கல்லாக அறிவித்தது. காப்புரிமை கிடைத்து 108 வருஷம் கழித்து.

செஞ்சி பக்கத்து அரசுப் பள்ளியோ, கொல்கத்தா கல்லூரியோ, லேபில் மீட்டர் இல்லை என்ற குறை இன்றும் பல இடத்தில் உண்டு. போஸ் அதைப் பெருமையாகப் பேசியதில்லை. கருவி கேட்டுப் போராடவும் செய்தார், கிடைக்கும்வரை தகரத்தை மடிக்கவும் செய்தார்.

மழை விட்டதும் சிங்கவரம் மாடியில் படம் திரும்ப வரும். வரும் வழி அந்தப் புனல்தான்.